நான் காலாவதியான வியாழக்கிழமை

'வியாழன், காலை 10.20. நான் காலாவதி ஆனேன்.' என் நாட்குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது. எழுதியவன் நான். அறிவித்தவர் கேன்சல் அண்ணன்.

பாப்பாரப்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர். ஊரில் கம்ப்யூட்டர் சொல்வதை முழுக்கக் காது கொடுத்துக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். திரையில் எச்சரிக்கை எது வந்தாலும் கேன்சலை அமுக்கிவிடுவார். சாப்ட்வேர் ஏற்றுமுன் வரும் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படிப்பார். அதற்குள் வாடிக்கையாளர்கள் டீ குடித்து, சந்தைக்கும் போய் வந்துவிடலாம்.

அன்று நான் உயிரோடிருப்பதற்கான சான்றிதழ் எடுக்கப் போயிருந்தேன். மறுநாளே கடைசி நாள். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். கைரேகை மிஷினுக்கான சாப்ட்வேரை ஏற்றியவர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "சார், எக்ஸ்பயர்டுன்னு வருதுங்க."

பின்னால் நின்ற அம்மாள், "பாவம், நல்லாத்தானே உக்காந்திருக்காரு" என்றார்.

"அவரு இல்லீங்க. இந்த சாப்ட்வேரு யாருதுன்னு சொல்ற சர்டிபிகேட்டு" என்று சொல்லிக் கேன்சலை அமுக்கினார் அண்ணன்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர் தேதிய ரெண்டு வருசம் பின்னாடி தள்ளுண்ணா. ஏறிக்கும்."

"கெட்டுப்போன பால் பாக்கெட்டுல தேதிய அழிச்சா பால் நல்லாயிருமா?"

தேதி விஷயத்தில் நான் அண்ணன் கட்சி. ஆனாலும் பென்ஷன் என்னுடையது. "அப்போ என் கதி?"

"யாருதுன்னே தெரியாத சாப்ட்வேருக்கு உங்க ரேகையக் குடுக்க மாட்டேங்க சார். இருங்க."

மிஷின் கம்பெனிக்குப் போன் போட்டு, சிக்னலுக்காக ரோட்டோரப் புளியமரத்தடிக்குப் போனார். தமிழில் தொடங்கி, இங்கிலீஷில் திணறி, கன்னடத்தில் சண்டை பிடித்தார். ஒரு மணி நாற்பது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புது சாப்ட்வேர் மெயிலில் வந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை. பழக்க தோஷத்தில் கேன்சலைத் தேடிய அவர் விரல் சற்றுத் தடுமாறி, பிறகுதான் ஓகேயை அமுக்கியது. நான் கட்டைவிரலை வைத்தேன். மூன்றாவது தடவையில் எடுத்துக்கொண்டது.

"சார், இருக்கீங்க" என்றார். நான் இருப்பதில் இவ்வளவு சந்தோஷப்பட்டு யாரும் சொன்னதில்லை.

புளியமரத்தடியில் கன்னடத்தில் என்ன பேசினார் என்று பிறகு ஜெராக்ஸ்காரரைக் கேட்டேன். "எங்கப்பாவோட பென்ஷன் நின்னுரும், சீக்கிரம் அனுப்புங்கன்னு சொன்னாருங்க" என்றார். ஜெராக்ஸ்காரருக்குக் கன்னடம் அரைகுறை. அண்ணனிடம் நான் கேட்கவில்லை. இந்தத் தகவல் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை; நாட்குறிப்பில் மட்டும் ஏற்றிவிட்டேன்.