குளிர்நீர் இயந்திரத்துக்கு நிழல் கொடுத்த வரலாறு

மனித குலம் இதுவரை மூன்று மாபெரும் சாதனைகளைக் கண்டிருக்கிறது: நெருப்பு, சக்கரம், விருத்தாசலம் பீங்கான் நற்சிந்தனை மன்றத்தின் குளிர்நீர் இயந்திரம். முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் தீர்மானப் புத்தகம் வைத்திருக்கவில்லை. மூன்றாவதற்கு, மன்றச் செயலாளர் என்ற முறையில், நான் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்தோறும் மன்ற அரங்கில் அன்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவது என் சிறு தொண்டு. வியர்வையோடு கேட்டால் அன்பு உள்ளே இறங்காது என்று எங்கள் தலைவர், சூளை முதலாளி குருமூர்த்தி, அந்த இயந்திரத்தை நன்கொடையாக அளித்தார். அது தண்ணீரைக் குளிர்வித்துக் குழாய் வழியே அரங்குக்கு அனுப்பும். அரங்கின் சூட்டை வாங்கி, தன் தலைமேல் உள்ள விசிறிகளால் வானத்துக்கு ஊதிவிடும்.

பொருத்த வந்தவர் மங்கலம்பேட்டை பைரோஸ். துபாயில் பன்னிரண்டு வருடம் இதே வேலை பார்த்தவர். சிமெண்ட் மேடையை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தார். இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தார். பிறகு கையேட்டை விரித்தார்.

“நாலு பக்கமும் நாலடி வுடணும் சார். மேல ஒன்னும் கூடாது.”

தலைவர் மனம் புண்பட்டார். “வூட்டு மாட்டுக்கே கொட்டாய் இருக்குது. இத வெயில்ல நிக்க வெச்சா பாவம் இல்லியா?”

“வெயிலுக்குன்னே செஞ்சதுங்க. துபாய் வெயில்லயே நிக்குது.”

“அங்க அன்பு கம்மி, தம்பி,” என்றேன் நான். இது உடனே தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

மூன்று அமர்வுகளில் ‘இயந்திர நிழல் திட்டம்’ ஒருமனதாக நிறைவேறியது. மூன்று பக்கம் சுவர், மேலே தகரக் கூரை. தகரத்துக்கு அலையவில்லை. அரங்கின் பின்னால், இயந்திரத்தின் திறந்த பக்கத்துக்கு எதிரே, மன்றத்தின் பழைய கொட்டகை இருந்தது. அதன் நிழலில் தங்கம்மாள், அச்சில் வார்த்த ஈரமான அகல் விளக்குகளைப் பலகைகளில் உலர்த்திக்கொண்டிருந்தார். அந்தத் தகரத்தைக் கழற்றினோம். சுடாத பீங்கான் நிழலில் மெல்லத்தான் உலர வேண்டும், அவசரப்பட்டால் விரிசல் விடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் பேசவில்லை. பலகைகளுக்கு மேல் பழைய சேலை கட்டிக்கொள்ளத் தங்கம்மாளுக்குச் ‘சிறப்பு அனுமதி’ வழங்கினோம்.

செவ்வாய் காலை பழமலைநாதர் சந்நிதியில் நின்று, எல்லோரும் நலமாயிருக்க வேண்டிக்கொண்டேன். பட்டியலில் இயந்திரம் முதலில் வந்தது.

அன்றைய தலைப்பு ‘பிறர்க்கு நிழலாவோம்’. அரங்கு குளிர்ந்தது. கால் மணியில் இயந்திரம் நின்றது. பைரோஸ் அதைத் திரும்ப ஓடவிட்டார். மறுபடி நின்றது. மறுபடியும் ஓடவிட்டு மேடை ஓரம் வந்தார்.

“சார், வுட்ட சூடு தகரத்துல மோதித் திரும்புது. அதையே மறுபடி இழுக்குது. மீதி தங்கம்மாக்கா பலகை மேல போவுது. தகரத்தக் கழட்டிடலாமா?”

“சொற்பொழிவு முடியட்டும், தம்பி.” அன்பைப் பாதியில் நிறுத்துவது எனக்கு வழக்கமில்லை.

அப்போது வாசலில் தங்கம்மாள் வந்து நின்றார். கையில் ஒரு விளக்கு, குறுக்கே விரிசல்.

நான் நெகிழ்ந்துபோனேன். “பாருங்கள், விரிசல் விட்ட விளக்கு. மனித உள்ளமும் இப்படித்தான்...” கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“ஐயா, இது உள்ளம் இல்லீங்க,” என்றார் தங்கம்மாள். “வெள்ளிக்கிழமை லாரில ஏத்த வேண்டிய வெளக்கு. அத்தனையும் வெடிக்குது. குடுக்கலன்னா அடுத்த வருசம் ஆர்டரு வேற ஆளுக்குப் போயிடுங்க.”

“முடித்துவிட்டு வருகிறேன், அம்மா. உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.”

இயந்திரம் மூன்றாம் முறை நின்றது. அரங்கு சூளையாயிற்று. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியாகத் தலைவரும் போனார். நாற்காலிகளுக்கு நன்றி கூறி முடித்தேன்.

வெளியே வந்தால், எந்தத் தீர்மானமும் இல்லாமல் பைரோஸ் ஏணிமேல் நின்று தகரத்தைக் கழற்ற, தங்கம்மாள் கீழே வாங்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு போல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். அது அறிக்கையில் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் தகரம் பலகைகளுக்கு மேல் திரும்பிவிட்டது. தேறியது நாலு பலகை.

“மீதிய என்ன செய்வீங்க?” என்றேன்.

“இன்னும் சூளைக்குப் போகலியே, மண்ணுதானங்க. கரைச்சு மறுபடி ஊத்திக்கலாம்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?”

“நீங்க பேசாம இருந்தா முடியும்.”

இயந்திரம் வானத்தைப் பார்த்து நிம்மதியாக ஓடியது. “அது ஏன் அப்படி நின்று நின்று போயிற்று?” என்று பைரோஸைக் கேட்டேன்.

“உள்ள ஒரு சுவிட்சு இருக்குது சார். மெசினு வுட்ட சூடு அதுகிட்டயே திரும்பி வந்தா, தானா நின்னுடும்.”

என்ன உயர்ந்த படைப்பு. அன்று அது மூன்று முறை நின்றது. நான் ஒருமுறைகூட நிற்காமல் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினேன்.