அம்மா தரையில் சேர்த்தியா?

ஒரு காட்டில், மலை ஏறுவதற்கென்றே படைக்கப்பட்ட ஒரு வரையாடு மலையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது. அதன் பெயர் பிலோமினா. மற்ற வரையாடுகள் செங்குத்துப் பாறையில் நின்று நிம்மதியாக அசைபோட, பிலோமினா மட்டும் அடிவாரத்துப் புல்வெளியில் வீடு பார்த்துக்கொண்டது. புருஷன் மேல்மலையில் இருந்தது. ஆண் வரையாடுகளுக்கு மழைக்காலத்தில்தான் குடும்பம் ஞாபகம் வரும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அல்போன்ஸ் அதற்கு இரண்டாவது குட்டி. முதல் குட்டி ஈரப் பாறையில் கால் வைத்தது. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. அல்போன்ஸுக்கு இருந்த சட்டம் ஒன்றே ஒன்று: பாறையில் கால் வைக்கக் கூடாது.

ஆகவே அல்போன்ஸ் சமதரையில் வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் கெவின் என்ற கருமந்திக் குட்டி அதற்கு மட்டன் என்று பெயர் வைத்தது. வாத்தியார்கள்கூட ஒன்றிரண்டு தடவை அப்படிக் கூப்பிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தைக் கொக்குகள் நடத்தின. வெள்ளுடை, தாழ்ந்த பார்வை, நீண்ட மௌனம். வாசலில் 'சொந்தக் காலில் நில்' என்று பெரிதாக எழுதியிருக்கும். தலைமை ஆசிரியை சிஸ்டர் ஹில்டா அதன் கீழே ஒற்றைக் காலில் நிற்பார். கொக்குதான், ஆனாலும் சிஸ்டரை யாரும் அது இது என்று சொல்வதில்லை.

பள்ளியில் வருடா வருடம் பைக் டிரயல்ஸ் போட்டி நடக்கும். பாறை, மரக்கட்டை, பள்ளம் என்று வழியில் எது இருந்தாலும் அதன்மேல் சைக்கிளோடு ஏறி இறங்க வேண்டும். வேகம் முக்கியமில்லை. கால் கீழே படக் கூடாது, அவ்வளவுதான். பட்டால் ஒரு புள்ளி. விழுந்தாலோ, வண்டியை விட்டு இறங்கினாலோ, வெளியாள் தொட்டாலோ அஞ்சு புள்ளி. புள்ளி ஏற ஏறக் கெடுதல். குறைவாக வாங்கியவருக்குக் கோப்பை. சொந்தக் காலில் நிற்பதற்குத் தண்டனை உண்டு என்பது அந்தப் பள்ளியில் யாருக்கும் உறுத்தவில்லை.

போன வருடம் கோப்பையைச் சாரைப்பாம்பு வாங்கியது. அது எல்லா இடத்திலும் உடம்பைத் தரையில் ஊன்றியது. ஆனால் சிஸ்டர் வரும்போதெல்லாம் தரையில் படுத்துக்கொண்டு, 'கால் பட்டதா, காட்டுங்கள்' என்று கேட்டது. அதே போட்டியில் மரவட்டை ஒரே ஒரு தடவை சறுக்கியது. சிஸ்டர் எண்ணி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அதற்குப் பிறகு விதியில் 'காலோ உடம்போ' என்று திருத்தினார்கள்.

இந்த வருடம் தானும் சேரப்போவதாக அல்போன்ஸ் சொன்னது. பிலோமினா முடியாது என்றது. பாறை, சைக்கிள் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்டதற்கே அது இரண்டடி பின்னால் போயிற்று.

"பாறையில கால் வைக்கக் கூடாதுன்னுதானே சொன்ன?" என்றது அல்போன்ஸ். "இதுல கால் வச்சா பாயிண்ட் போட்டுருவாங்கம்மா."

சட்டம் பிலோமினா போட்டதுதான்.

இருவரும் முள்ளம்பன்றி அண்ணாச்சியின் சைக்கிள் கடைக்குப் போனார்கள். அண்ணாச்சி காட்டிய வண்டியைப் பிலோமினா இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தது. பிறகு ஏமாற்றப்படுகிறவர்களுக்கே உரிய மெல்லிய குரலில் கேட்டது.

"சீட்டு எங்க அண்ணாச்சி?"

"இதுல உக்காந்தா பிள்ள விழுந்திரும்லா. அதான் சீட்டே கிடையாது. இது ஓட்டுத வண்டி இல்லம்மா, நிக்குத வண்டி. பிரேக்குதான் இதுல எல்லாம்."

பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். விரல் உள்ளே போயிற்று. பஞ்சர் என்றது பிலோமினா. காற்று குறைவாக இருந்தால்தான் டயர் பாறையைக் கவ்விப் பிடிக்கும் என்று அண்ணாச்சி விளக்கினார். முள்ளம்பன்றி கடையில் வேறு மாதிரி டயர் கிடைக்கவும் கிடைக்காது. சக்கரத்தில் சின்னது, பெரியது என்று இரண்டு இருந்தன. பெரியது தடைகளைச் சுலபமாக ஏறும், சின்னதைத் திருப்புவது லேசு என்றார். எதிலிருந்து விழுந்தால் தூரம் குறைவு என்று பிலோமினா கேட்டது. சின்னதையே எடுத்தார்கள்.

அப்புறம் பாதுகாப்புச் சாமான்கள். ஹெல்மெட், முழங்கால் பட்டை, கணுக்கால் பட்டை, நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. வாலுக்கு இல்லையா என்று பிலோமினா கேட்டது. எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது குட்டியைக் காணவில்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அம்மா, நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறேன்?"

இத்தனையும் மாட்டினால் வண்டி பாறையில் ஏறாது, பாறைதான் வந்து வண்டியில் ஏற வேண்டும் என்றார் அண்ணாச்சி. ஹெல்மெட்டும் முழங்கால் பட்டையும் போதும், மீதிக்கு யாராவது பக்கத்தில் நின்றுகொண்டால் சரி.

"நான் நிக்கிறேன்" என்றது பிலோமினா.

அப்படியே நின்றது. புல்வெளியில் கிடந்த மரக்கட்டைமேல் அல்போன்ஸ் பழகும்போதெல்லாம் பிலோமினா ஒட்டியே நடந்தது. குட்டி தடுமாறிக் காலை நீட்டினால், நீட்டிய இடத்தில் அம்மாவின் முதுகு இருக்கும். முதலில் கால் முதுகைத் தேடியது. கொஞ்ச நாளில் தேடுவதை நிறுத்தியது. வைத்தால் இருக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

போட்டிக்கு முன் உபகரணச் சோதனை. சிஸ்டர் ஹில்டா ஒவ்வொரு வண்டியாகப் பிரேக்கை இழுத்துப் பார்த்தார். ஹேண்டில்பாரின் இரண்டு முனையும் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். விழும்போது திறந்த முனை வயிற்றில் குத்தும். சரியாக இருந்தவற்றில் ஸ்டிக்கர் ஒட்டினார். அல்போன்ஸின் வண்டிக்கு ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோது பிலோமினா நின்றுகொண்டிருந்தது. பிலோமினாவும் அந்தக் கான்வென்டில் படித்ததுதான். தலை தானாகக் குனிந்தது.

வெளியாள் போட்டி எல்லைக் கயிற்றுக்கு உள்ளே வர அனுமதியில்லை என்றார் சிஸ்டர். போட்டியாளரும் அவருடைய உபகரணமும் மட்டும்தான் வரலாம். பிலோமினா குளம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அப்ப என்னை உபகரணத்துல போட்டுருங்க சிஸ்டர்."

அதைத் தடுக்கும் விதி எதுவும் சிஸ்டருக்கு ஞாபகம் வரவில்லை. பிலோமினாவின் கொம்புகளை அசைத்துப் பார்த்தார். ஆட்டமில்லை. முனைகள் கூராக இருந்ததால், ஹேண்டில்பாருக்குச் செய்வதுபோல இரண்டுக்கும் கார்க் மாட்டச் சொன்னார். நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டினார். பிலோமினா சின்ன வகுப்பில் பழகிய ராகத்தில் தேங்க் யூ சிஸ்டர் என்றது.

கெவினின் அம்மா பியூலா மரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம் பிலோ, உனக்கு வாரண்டி உண்டா?" என்றது. "பிள்ளைய இடுப்பவிட்டு இறக்க மாட்டோம்னு எங்களத்தான் சொல்லுவாங்க. எங்க கெவினே தனியா நிக்கிறான்."

கெவின் நன்றாகவே செய்தது. வாலை வண்டியில் சுற்றிக்கொண்டு கட்டைகளையும் பாறைகளையும் கால் படாமல் தாண்டியது. கடைசி இடத்தில் மட்டும் இரண்டு தடவை கால் ஊன்றியது. மொத்தம் இரண்டு புள்ளி. மற்றவர்கள் யாரும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

அல்போன்ஸ் கடைசி இடம்வரை ஒரு புள்ளியும் வாங்காமல் வந்தது. தடுமாறிய இடத்திலெல்லாம் அதன் கால் அம்மாவின் முதுகில்தான் ஊன்றியது. அந்த இடத்தில் இரண்டு பெரிய பாறைகள் இருந்தன. நடுவில் இடைவெளி. கீழே ஓடை. பக்கவாட்டெல்லாம் ஈரம்.

பிலோமினா ஈரத்தைப் பார்த்தது. அப்படியே நின்றுவிட்டது.

அதற்குள் அல்போன்ஸ் முதல் பாறையின் உச்சியில் இருந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி, இல்லாத சீட்டுக்கு மேல் எழுந்து நின்றது. டயர் நசுங்கிப் பாறையைக் கவ்வியிருந்தது. வண்டி லேசாக நடுங்கியது.

இறங்கிவிடும்படி பிலோமினா கெஞ்சியது. அஞ்சு புள்ளிதானே, போகட்டும் என்றது.

"இறங்கணும்னா பாறையில கால் வைக்கணும்" என்றது அல்போன்ஸ். "நீதானம்மா கூடாதுன்னு சொல்லியிருக்க."

பிலோமினா அப்போது என்ன நினைத்தது என்று தெரியாது. பார்த்தவர்கள் சொன்னது இவ்வளவுதான்: அது ஈரப் பாறையில் கால் வைத்தது. அடுத்த காலையும் வைத்தது. இடைவெளிக்குள் இறங்கி, இந்தப் பக்கம் இரண்டு குளம்பு, அந்தப் பக்கம் இரண்டு குளம்பு என்று அகட்டி ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டது.

அல்போன்ஸ் வண்டியைக் குதிக்கவிட்டது. முன் சக்கரம் அந்தப் பாறையில் ஏறியது. பின் சக்கரம் சறுக்கியது. குட்டியின் கால் கீழே போயிற்று. போன இடத்தில் முதுகு இருந்தது. அதன்மேல் கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பின் சக்கரத்தையும் ஏற்றி, எல்லைக் கொடியைத் தாண்டியது.

பியூலா மரத்திலிருந்து இறங்கி வந்தது. குட்டி கால் ஊன்றியதை எல்லாரும் பார்த்தார்கள், ஒன்றுக்குப் பல தடவை, கணக்குப் பார்த்தால் மரவட்டையே தேவலை என்றது. உபகரணம்தானே என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார்.

"கால எதுல ஊன்றுறோமோ அதுக்குப் பேருதான் தரை, சிஸ்டர்" என்றது பியூலா.

நியாயமாகத்தான் இருந்தது. சிஸ்டர் ஹில்டா யோசித்தார். நின்றிருந்த காலை மடக்கி, மடக்கியிருந்த காலை ஊன்றினார். அவர் கால் மாற்றி அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. அம்மா தரையில் சேர்த்தியா என்பதை அம்மாவிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். தன்னிடம் படித்த பிள்ளை பொய் சொல்லாது என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது.

"பிலோமினா, உண்மையச் சொல்லு. நீ தரையா?"

இடைவெளிக்குள்ளிருந்து, கண்ணைத் திறக்காமலே பிலோமினா பதில் சொன்னது.

"இல்ல சிஸ்டர். தரை வழுக்கும்."

பியூலா திரும்பிப் போய் மரத்தில் ஏறிக்கொண்டது. முதல் குட்டி விஷயம் அதற்கும் தெரியும்.

அல்போன்ஸுக்குப் புள்ளி பூஜ்யம் என்று அறிவித்தார்கள். கோப்பை கொடுத்தார்கள். மட்டன் என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். கொம்பு கார்க், முதுகுக்கு வழுக்காத விரிப்பு, அம்மாக்களுக்கான சர்வீஸ் எல்லாம் நாளை முதல் தன் கடையில் கிடைக்கும் என்று அண்ணாச்சி கூட்டத்துக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

கூட்டம் கலைந்தது. ஒலிபெருக்கியில் கடைசி அறிவிப்பு வந்தது: போட்டியாளர்கள் தங்கள் உபகரணங்களை மறக்காமல் எடுத்துச் செல்லவும்.

அல்போன்ஸ் வண்டியைப் பார்த்தது. ஹெல்மெட்டைப் பார்த்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிலோமினா இன்னும் இடைவெளிக்குள்ளேயே இருந்தது. போட்டி முடிந்ததும் அதற்குப் பயம் திரும்ப வந்துவிட்டது. நாலு காலில் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. எடுத்தால் விழுவோம் என்று மட்டும் தெரிந்தது. "அல்போன்ஸ், யாரையாவது கூட்டிட்டு வா" என்றது.

அல்போன்ஸ் கோப்பையைப் புல்லில் வைத்தது. ஹெல்மெட்டைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்தது. ஈரப் பாறையில் ஒரு கால் வைத்தது. அடுத்ததையும் வைத்தது. அதன் குளம்புகளுக்கு அந்த வேலை முன்னமே தெரிந்திருந்தது. அம்மாவின் பக்கத்துக்கே இறங்கி வந்தது.

பிலோமினா கண்ணைத் திறந்தது. குட்டியின் நாலு காலும் பாறையில் இருப்பதைப் பார்த்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தது. திட்டினால் உடம்பு அசையும் என்பதால் பேசாமல் இருந்துவிட்டது.

"இந்தக் கால இங்க வைம்மா" என்றது அல்போன்ஸ். "ம். இப்ப அதை. கீழ பாக்காத."

அடையாளக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த சிஸ்டர் ஹில்டா, பழக்கதோஷத்தில் குட்டியின் கால்களை எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் போட்டி முடிந்துவிட்டது ஞாபகம் வந்து, எண்ணுவதை விட்டுவிட்டு, நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதி: பிள்ளைகள் சொந்தக் காலில் தாராளமாக நிற்கலாம், போட்டி முடிந்த பிறகு. அதுவரை அம்மா தரையில் சேர்த்தி இல்லை.