ஓட்டக்காரர் இதயம்

"பயப்பட ஒண்ணுமில்ல. இது ஓட்டக்காரங்களுக்கு இருக்கிற இதயம்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நூலகருக்குப் பயமே வந்தது.

பரிசோதனையில் அவருடைய இதயச் சுவர் கொஞ்சம் தடித்திருந்தது. ரத்த அழுத்தத்தில் கோளாறில்லை. அப்படியானால் காரணம் இரண்டில் ஒன்று என்றார் டாக்டர். வருஷக்கணக்காக ஓடுகிறவர்களுக்கு இதயம் இப்படித் தடிக்கும், அதில் ஆபத்தில்லை. இல்லையென்றால் பரம்பரை. அது பிள்ளைகளுக்கும் போகலாம், அந்த இதயத்தோடு மூச்சிரைக்க ஓடினால் உயிருக்கே ஆபத்து.

"இவர் ஆறு வருஷமா தினமும் காலையில ஒரு மணி நேரம் ஓடுறார் டாக்டர்" என்று மனைவி பெருமையோடு முந்திக்கொண்டாள்.

டாக்டர் எழுதிக்கொண்டார். மூன்று மாதம் ஓடாமல் இருந்தால் தானாகச் சுருங்கிவிடும் என்று அனுப்பிவைத்தார்.

ஓடியிருந்தால்தானே நிறுத்துவதற்கு? நூலகர் தெருமுனைவரைதான் ஓடுவார். அப்புறம் நடந்துபோய் நூலகத்தைத் திறந்து, பெரிய அகராதியில் தலைவைத்து ஒரு மணி நேரம் தூங்குவார். குழாயடியில் சட்டை முதுகை நனைத்துக்கொண்டு வீடு திரும்பினால், மனைவி இரண்டு முட்டை அவித்து வைத்திருப்பாள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றே அதுவரை நினைத்திருந்தார்.

இப்போது திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாகிவிட்டது. கல்லூரியில் படிக்கும் மகள் மூன்று வருஷமாக நெடுந்தூர ஓட்டம் பழகுகிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குத்தான் வருவாள். அவள் மார்புக்குள்ளும் இதே தடித்த சுவர் இருந்தால்?

முதல் நாள் அவளுடைய ஓட்டக் காலணியை ஒளித்துவைத்தார். மகள் பரவாயில்லை என்று ரப்பர் செருப்போடு கிளம்பிவிட்டாள். அந்த வைராக்கியத்தைப் பார்த்து மனம் உருகிய மனைவி, மறுநாளே உயர்ந்த ரகத்தில் புது ஜோடி வாங்கிக் கொடுத்தாள். சரி, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சைக்கிளை எடுத்தார். நீங்கள் கூட வந்தால் என் வேகம் கெட்டுவிடும் என்று மகள் மறுத்துவிட்டாள். தன்னுடைய ஓட்டம் நின்ற வயிற்றெரிச்சலில் பெற்ற பெண்மீதே பொறாமைப்படுகிறார் என்றாள் மனைவி.

சாயங்காலம் முழுக்க அவர் ஜன்னலுக்கும் வாசலுக்கும் அலைந்தார். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் படியிறங்கிப் போய்ப் பார்த்தார். அவளுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று கேட்டுப் பார்த்தார். ஓட்டத்தால் வந்தது என்று டாக்டரே சொல்லிவிட்டாரே, அவளுக்கு எதற்கு என்று மனைவி மடக்கினாள்.

நான்காம் நாள் மகள் அரை மணி நேரம் தாமதமாக வந்தாள். அந்த அரை மணியில் நூலகர் செத்துப் பிழைத்தார். அவள் உள்ளே போனதும் மனைவியிடம் போய் நின்றார்.

"நான் ஒருநாள்கூட ஓடல. நூலகத்துல போய்த் தூங்கினேன். என் மானம் போனாப் போகட்டும், அவ உயிரோட இருக்கணும்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப அந்த முட்டை?" என்றாள்.

மறுநாள் மூவரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். எனக்கு எதற்கு இதெல்லாம் என்று மகள் வழியெல்லாம் முரண்டு பிடித்தாள். கையைப் பிடித்து இழுத்துவந்த மனைவி, மூன்று வருஷமாகத் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறாள் என்று சீட்டில் எழுதச் சொன்னாள். ஸ்கேன் எடுக்கும் பெண் கருவியை மகளின் மார்பில் நகர்த்தி நகர்த்தி அளந்தாள். நூலகர் திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவோட தடிப்பு இவங்களுக்கு இல்லைங்க. எல்லா அளவும் சரியா இருக்கு."

நூலகர் முகத்தை மூடிக்கொண்டு அழுதேவிட்டார். மனைவி மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"பொய் பித்தலாட்டம் தெரியாம என்னை மாதிரியே பொறந்திருக்கா."

ஸ்கேன் எடுக்கும் பெண் சீட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆனா தினமும் பத்து கிலோமீட்டர்னு எழுதியிருக்கீங்களே, இது பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடின இதயமாத் தெரியலையே."