டாக்டருக்காக ஒரு நடை

ஷூவுக்குள் கால் போக மறுத்தது. ஆஸ்பத்திரி ஹாலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜான்ரோஸ் கொத்தனார் இழுத்த இழுப்பில் ஷூவின் பின்பக்கம்தான் கிழிந்தது.

"வீங்கிக் கெடக்கு. டாக்டர்ட்ட சொல்லிருவோம்," என்றாள் மனைவி ராஜபாய்.

"சும்மா இரி பிள்ளே. எனக்க காலுலதான் அவருக்க மானம் இருக்கு."

சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் மூன்று துண்டானபோது, காலையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். டாக்டர் கிருஷ்ணமணி ஒருவர்தான் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து நடக்க வைத்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து, போன வாரம் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்தார். பார்த்ததும் முதுகில் தட்டி, "இந்தக் கால்தான் எனக்கு வேணும். டாக்டர்மார் கூட்டத்துல நடந்து காட்டணும், வாரும்," என்றார். அந்தக் காலை ஊன்றினாலே ஆறு மாதமாக உயிர் போகிறது என்பதை அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

வீக்கத்தை அமுக்க ராஜபாய் துணியை இறுக்கிக் கட்டினாள். விரல்கள் மரத்துப்போய், எழுந்த கொத்தனார் சுவரில் மோதினார். கட்டை அவிழ்த்ததும் வலி இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. பையிலிருந்த வலி மாத்திரையில் இரண்டை விழுங்கினார்.

"ஒண்ணுதானே போடச் சொன்னாவ?"

"ரெண்டு காலு உண்டுல்லா."

தலை சுற்றத் தொடங்கிய நேரத்தில் நர்ஸ் தேவகனி கதவைத் திறந்தாள். "அண்ணாச்சி, வாங்க."

வெறுங்காலோடு மேடை ஏறினார். ஹால் நிறைய டாக்டர்கள்.

"நடந்து காட்டும்," என்றார் கிருஷ்ணமணி.

பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சமும் நொண்டாமல், மேடையின் கோடி வரை போய்த் திரும்பினார் ஜான்ரோஸ். அது போதாதென்று யாரும் கேட்காமலே குத்தவைத்து உட்கார்ந்து எழுந்தார். கண்ணில் நீர் முட்டியது. சிரித்து வைத்தார்.

டாக்டர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "வலி இல்லியா?"

"ஒரு பொட்டு இல்ல சார். நீங்க கை வச்ச காலுல்லா."

ஹாலே சிரித்துக் கைதட்டியது. டாக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டார் என்று ஜான்ரோஸுக்கு நெஞ்சு நிறைந்தது.

வெளியே வந்ததும் ராஜபாயின் தோளில் அப்படியே சாய்ந்தார். "டாக்டருக்க பேரக் காப்பாத்திட்டேன், பாத்தியா?"

பின்னாலேயே வந்த தேவகனி தலையில் கை வைத்துக்கொண்டாள். "எவ்வளவு நல்லா ஆப்பரேசன் செஞ்சாலும் வருசம் போகப்போக மூட்டு தேஞ்சி நடக்க முடியாம ஆவும்னு அவரு ஒரு மணிக்கூறா படம் போட்டுப் பேசினாரு அண்ணாச்சி, அதுக்கு சாட்சியாட்டாக்கும் ஒங்கள விளிச்சது."