மிட்வைஃப் அம்மாவின் மசக்கை

செஞ்சி வட்டாரத்தில் எந்தப் பெண்ணுக்கு எத்தனை மாதம் என்று வயிற்றைத் தொட்டதுமே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டவள் நான். ஒரே ஒருத்தி விஷயத்தில்தான் தப்புப் பண்ணினேன். அந்த ஒருத்தியும் நானே.

அறுபதுகளில் வல்லம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு மிட்வைஃப் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம். கூட இருந்த இரண்டு பேரும் மாற்றலாகிப் போக, மூன்று பேர் வேலையும் என் தலையில் விழுந்தது. ஊர் ஊராக வெயிலில் நடை, நேரங்காலம் பார்க்காத பிரசவங்கள், வீட்டுக்கு வந்தால் ஆட்டுக்கல். (சாப்பாடா? ஞாபகம் வந்தால் உண்டு.)

மூன்று மாதம் தீட்டு வரவில்லை. காலையில் குமட்டல் வேறு. வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் யாருக்கும் வாய் திறக்காதவள், எனக்கு மட்டும் பரிசோதனையே வேண்டாம் என்று முடிவுகட்டினேன்.

"இன்னாத்துக்கு இன்னும் வேலை? எழுதிக் குடுத்துட்டு வந்துடு" என்றார் மாமியார். எனக்கு அந்த வேலை உயிர். ஆனாலும் அழுதுகொண்டே ராஜினாமா எழுதினேன். கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த கணவர், திங்கட்கிழமை கொடுப்பதாகச் சொல்லி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மசக்கைச் சோறு கட்ட ஐந்தாம் மாதம் வரை பொறுக்காத என் அம்மா, ஞாயிற்றுக்கிழமையே ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் டாக்டரம்மாவும் விருந்துக்கு வந்திருந்தார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து புளிச்சோற்றில் கை வைத்தேன். மூன்று மாதமாக வராதது வந்துவிட்டது.

மறைக்கவும் வழியில்லை. தூரமானவள் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அத்தனை பெண்களும் பார்க்க, மாலையோடு எழுந்து பின்கட்டுக்கு நடந்தேன்.

"ஐயோ, கலைஞ்சி பூட்ச்சே!" என்று மாமியார் அலறினார்.

டாக்டரம்மா பின்கட்டுக்கே வந்து பரிசோதித்தார். "கலையறதுக்கு உள்ளே ஒண்ணுமே இல்லம்மா. சோறு தூக்கம் இல்லாம ஓடினா நின்னுதான் போகும். ஏம்மா, மிட்வைஃப் உனக்கே தெரியாதா?"

தெரியும். அடுத்தவர்களுக்குச் சொல்ல.

பின்கட்டில் இருக்கும் மூன்று நாளும் யாரும் வேலை ஏவ முடியாது. அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு நேராகக் கணவரிடம் போய், திங்கட்கிழமை கொடுக்காமல் அவர் நிறுத்திவைத்திருந்த கடிதத்தை வாங்கிக் கிழித்தேன். "வேலைய வுட மாட்டேன். மாவாட்டறத வேணா வுடறேன்." மாமியார் முறைத்தார். ஆனாலும் அன்றிலிருந்து ஆட்டுக்கல்லில் அவர்தான் உட்கார்ந்தார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்காவது நாள் தள்ளிப்போனால் யாரும் வாழ்த்துவதில்லை. "மொதல்ல போய் நல்லா தூங்கு. சோறு அப்பறம் கட்டிக்கலாம்" என்கிறார்கள்.