நானூறு பேருக்கு வயிற்றுப்போக்கு

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதுவது. இங்கு எல்லோருக்கும் உடம்பு நலம், எனக்கு மட்டும் மனசு நலமில்லை. அங்கு இரண்டும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

தக்காளி சாஸ் காய்ச்சும் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக நான் வேலை பார்ப்பதும், இதுவரை ஒரு பாட்டில்கூடத் திரும்பி வந்ததில்லை என்பதும் தாங்கள் அறிந்ததே. போன வாரம் கண்ணை மறைத்துத் தலையில் மாட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, இனிப் பயிற்சியெல்லாம் இதில்தான், தேறாதவர்களுக்கு அண்டா பக்கம் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மாட்டினா உள்ளே நம்ம ஃபேக்டரியே தெரியுது அத்தான், அண்டா, குழாய், வாஷ்பேசின் எல்லாம் அச்சு அசலா. ஆனா ஒண்ணும் நிஜமில்ல. முதல் நாள் கை கழுவச் சொன்னாங்க, கழுவினேன். கழட்டிப் பாத்தா சூப்பர்வைசர் கன்னத்தை ரெண்டு கையாலயும் தேய்ச்சுக்கிட்டிருக்கேன். ரெண்டாம் நாள் உள்ளே தெரிஞ்ச மேசையில சாஞ்சேன், மேசை இல்ல, விழுந்தேன். மூணாம் நாள் நீராவி வால்வைத் திறக்கிறதா நினைச்சு, பயிற்சி குடுக்கிற பொண்ணோட கைப்பையைத் திருகி வாரை அத்துட்டேன். சாஸ் வேகல. உடனே உள்ளேருந்து ஒரு குரல், சாவுச் செய்தி சொல்ற மாதிரி, "உங்கள் சாஸைச் சாப்பிட்ட நானூறு பேருக்கு வயிற்றுப்போக்கு" அப்படிங்குது. எனக்குச் சாப்பாடு இறங்கல. "இல்லாத ஆளுங்களுக்கு வந்த வயித்துப்போக்குக்கு நீங்க ஏன் பட்டினி கிடக்கறீங்க?"ன்னு வீட்டுக்காரி கேக்கறா. அவளுக்கென்ன, நானூறுல குழந்தைங்க எத்தனையோ! மறுநாள் திருத்திக்கலாம்னு போனேன், எழுநூறாச்சு. இப்ப நிஜ அண்டா முன்னாலயும் சந்தேகம்தான் அத்தான். வால்வைத் திறந்துட்டு, திறந்தேனான்னு நாலு தடவை தொட்டுப் பாக்கறேன். பக்கத்து ஆளு பாக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கறான், அதைத்தான் தாங்க முடியல.

ஆகவே நாளை ராஜினாமா கொடுக்கிறேன். தங்கள் அட்டைப்பெட்டிக் கிடங்கில் எந்த வேலையானாலும் சரி. அங்கே தொட்டா அட்டைப்பெட்டியாவது நிஜமா இருக்கும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, அக்காவின் திட்டுக்கு என் முன்கூட்டிய மன்னிப்பு.

இப்படிக்கு,
நிலைகுலைந்த மைத்துனன்

பி.கு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் ராஜினாமாவைக் கொடுத்துப் பார்த்தேன். மேனேஜர் படிக்காமலே கிழித்துவிட்டார். கருவியைச் செய்தவர்கள், "இவர் பண்ற தப்பு ஒண்ணுகூட எங்க பட்டியல்ல இல்ல, இந்த ஆளை விட்டுடாதீங்க"ன்னு சொன்னாங்களாம். என்னென்ன தப்பெல்லாம் வரும் என்று காட்ட, திங்கள்கிழமை முதல் புது ஆட்களுக்கெல்லாம் நான்தான் பயிற்சியாளர். எனக்கு வேலை ஏதும் பார்க்க வேண்டாம். வீட்டுக்காரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இனி ஓடவும் வழியில்லை.