பத்துப் புழுக்களின் இடமாறுதல்

மண்ணில் விஷம் இருக்கிறது என்று மனிதன் சொன்னால் அரசாங்கம் ஏற்பதில்லை. மனிதன் பொய் சொல்வான், மனு எழுதுவான், பத்திரிகைக்காரனைக் கூட்டிவருவான். மண்புழுவுக்கு இந்தக் கெட்ட பழக்கங்கள் கிடையாது. ஆகவே, சந்தேகத்துக்குரிய மண்ணில் பத்துப் புழுக்களை விட்டு, பதினாலு நாள் கழித்து எத்தனை செத்தன என்று எண்ணி முடிவு சொல்வதற்காக, 2006-ஆம் ஆண்டு அல்லிநகரத்தில் ஒரு வாடகை மாடியில் ‘மண் நச்சு மதிப்பீட்டுப் பிரிவு’ திறக்கப்பட்டது. அப்போது மண்புழுதான் நாகரிகம். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் மண்புழு உரம் போட்டுக் கொடுத்த பெரிய மனிதர்களும் இருந்தார்கள். பிரிவின் பெயர்ப்பலகையில் ஒரு புழு தலைப்பாகை கட்டிக்கொண்டு சிரித்தது.

முதல் மனு உத்தமபாளையத்து விவசாயி அப்துல் அஜீஸினுடையது. ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு. ஓடைக்கு மேலே ஒரு சாயப்பட்டறை வந்த நாளிலிருந்து தண்ணீர் திங்கட்கிழமை நீலமாகவும் செவ்வாய்க்கிழமை சிவப்பாகவும் ஓடியது. நட்ட வாழை முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. அவர் மனைவி சுபைதா வடித்த வெறும் சோறு விருந்துச் சோறு நிறத்தில் இருந்தது. ‘மண் நஞ்சானது’ என்று பிரிவு ஒரு தாள் கொடுத்தால் பட்டறைக் கழிவை நிறுத்த உத்தரவு போடுவதாக மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். தாள் வராவிட்டால் அவர் நிலத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

உதவி இயக்குநர் கர்ணன் மண் மூட்டையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

“மண்ணு வந்துருச்சு. புழு எங்க பாய்?”

“புழுவும் நாந்தான் கொண்டாரணுமா சார்? அங்கன புழு இருந்தா நான் எதுக்கு இங்கன வாரேன்?”

இந்தப் பதில் கோப்பில் ஏற்றப்படவில்லை. தேவதானப்பட்டியில் தொட்டி கட்டிப் புழு வளர்க்கும் ஜக்கம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் ஈரச்சாக்கில் புழுவும், ஒப்பிட்டுப் பார்க்கத் தன் தோட்டத்து நல்ல மண்ணும் கொண்டுவந்தாள்.

“வயசுக்கு வந்த புழுவாத்தான் இருக்கணும்” என்றார் கர்ணன்.

“கழுத்துல பட்டை விழுந்துருச்சு பாருங்க சார். இதுக்கு மேல கேட்டீகன்னா நான் பந்தல் போட்டுச் சீர்தான் செய்யணும்.”

இரண்டு பெட்டிகள் ஒட்டினாற்போல் மேசைமேல் வைக்கப்பட்டன. ஒன்றில் அஜீஸின் மண், மற்றதில் ஜக்கம்மாவின் மண். பெட்டிக்குப் பத்துப் புழு. செய்முறைப் புத்தகம் இரண்டு காரியங்களை வற்புறுத்தியது. பெட்டிக்குச் சன்னத் துளையிட்ட மூடி வேண்டும். வெளிச்சத்தில் புழு மேலே வராது என்பதால் விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டும். பெட்டி வந்துவிட்டது. மூடி ‘தளவாடங்கள்’ என்ற வேறு தலைப்பில் வருவதால் மதுரையில் பரிசீலனையில் இருந்தது. விளக்கைப் பொறுத்தவரை, அலுவலகம் மூடும்போது எல்லா விளக்குகளையும் அணைக்கவேண்டும் என்று மின்சிக்கனச் சுற்றறிக்கை ஒன்று இருந்தது. கர்ணன் புத்தகத்தையும் மீறவில்லை, சுற்றறிக்கையையும் மீறவில்லை. விளக்கு காலை பத்திலிருந்து ஐந்தே முக்கால் வரை எரிந்தது.

“வெளக்க அமத்துனா ஏறி ஓடிரும் சார்” என்றாள் ஜக்கம்மா.

“கவர்மெண்டு பெட்டியில இருந்து அனுமதி இல்லாம அது எப்படிம்மா போகும்?”

பதினைந்தாம் நாள் மூன்று பேர் முன்னிலையில் பெட்டிகள் கவிழ்க்கப்பட்டன. அஜீஸின் மண்ணில் புழுவே இல்லை, உயிரோடும் இல்லை, செத்தும் இல்லை. பக்கத்துப் பெட்டியில் இருபது இருந்தன. ஜக்கம்மா இரண்டு தரம் எண்ணினாள்.

அஜீஸ் துள்ளினார். “பாத்தீகளா சார்! பத்தும் உசுருக்குப் பயந்து ஓடியிருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

கர்ணன் படிவத்தைப் பிரித்தார். அதில் ‘உயிருடன்’, ‘இறந்தவை’ என்று இரண்டே கட்டங்கள்தான் இருந்தன.

“செத்த புழு எத்தனை?”

“ஒண்ணுமில்ல.”

“அப்ப இறப்பு பூஜ்யம். இருபது விட்டோம், இருபதும் இருக்கு. சேதாரம் இல்ல.”

“எந்தப் பொட்டியில இருக்குன்னு பாருங்க சார்!”

“பாய், ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போனா அதுக்குப் பேரு இடமாறுதல். நச்சு இல்ல. இந்தக் கம்பம் பள்ளத்தாக்குல இருந்து திருப்பூருக்கும் கேரளாவுக்கும் எத்தனை குடும்பம் போயிருக்கு? அதுக்காக ஊரே விஷம்னு எழுத முடியுமா?”

“எழுதித்தான் பாருங்களேன்” என்றாள் ஜக்கம்மா.

கர்ணன் எழுதியது வேறு. ‘மேற்படி மண்ணில் ஒரு புழுகூட இறக்கவில்லையாதலால், அம்மண் உயிரினங்கள் வாழ உகந்தது எனச் சான்றளிக்கப்படுகிறது. ஒப்பீட்டு மண்ணில் புழுக்களின் நெரிசல் அளவுக்கு மீறிக் காணப்படுவதால் அது கண்காணிப்புக்கு உரியது.’ ஜக்கம்மாவுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிற்று. சாயப்பட்டறை முதலாளி சான்றிதழின் நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, ஓடைக்கு இரண்டாவது குழாயும் வைத்தார்.

அஜீஸ் மறுசோதனை கேட்டார். மூடி வரட்டும் என்றார்கள். இரண்டு மழைக்காலம் காத்திருந்துவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மனைவியோடு குமுளிக்குப் போய் ஒரு சாயாக்கடையில் வேலைக்கு நின்றார். அடுத்த வருஷம் கர்ணனும் கிளம்பினார். அவருடைய குடியிருப்புக்கும் அதே ஓடைத் தண்ணீர்தான் வந்தது. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. ‘குடும்ப நலன் கருதி’ இடமாறுதல் கேட்டார், உடனே கிடைத்தது. அவர் போன மறுவாரம் மதுரையிலிருந்து இருநூறு மூடிகள் வந்திறங்கின.

2010-இல் பிரிவு தன் நான்காண்டு அறிக்கையை வெளியிட்டது. நச்சு மண்: இல்லை. இறப்பு: இல்லை. பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். குமுளிச் சாயாக்கடை பெஞ்சில் ஒருவர் அதைச் சத்தமாக வாசித்தார். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள்.

“கேட்டீகளா, நம்ம மண்ணு நல்ல மண்ணுன்னு கவர்மெண்டே சொல்லிட்டாக!”

பெஞ்சு முழுக்கப் பெருமையில் நிமிர்ந்தது. சாயா ஆற்றிக்கொண்டிருந்த அஜீஸும் தன்னையறியாமல் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டார். கம்பத்துக்குப் போகிற பஸ் கடைக்கு முன்னால் வந்து நின்று இரண்டு தரம் ஹாரன் அடித்தது.

யாரும் ஏறவில்லை.